கிணற்றடிச் சவுகரியம்

செலின் மேரி கல்யாணமாகி வந்த அன்றே அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பு குடித்துவிட்டு, இன்னொரு சொம்பு கேட்டாள். புதுப்பெண் இப்படிக் கூச்சமில்லாமல் கேட்கலாமா என்று யாராவது நினைத்திருக்கலாம். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பிறந்து வளர்ந்தது தவளக்குப்பத்துக்குக் கிழக்கே, கடலோரம். அங்கே தண்ணீரை வாயில் வைத்தால் கரிக்கும், பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. வில்லியனூருக்கு மேற்கே உள்ள இந்தக் கோயில் தெருவில், புருஷன் வீட்டுக் கொல்லையிலேயே இப்படி ஒரு தண்ணீர் கிடக்கிறது என்று பெண் பார்க்க வந்தவர்கள் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இன்னும் சீக்கிரம் சம்மதித்திருப்பாள்.

தெருவில் வேறு வீடுகளிலும் கிணறு உண்டு. அவையும் மோசமில்லை, சமையலுக்கு ஆகும். ஆனால் குடிக்க மட்டும் எல்லோரும் அவள் புருஷன் மரியசுந்தரம் வீட்டுக்குத்தான் வருவார்கள். கொல்லைப்பக்கம் ஒரு தட்டிக் கதவு. அதை அந்த வீட்டில் யாரும் சாத்தியதில்லை. விடிந்ததும் குடங்களும் பேச்சும் உள்ளே வந்துவிடும். செலின் மேரி வந்து வருஷம் திரும்புவதற்குள் தெருவில் யார் வீட்டில் யாருக்கு என்ன சண்டை என்பதெல்லாம் அவளுக்கு அந்த ராட்டினத்தடியிலேயே தெரிந்துபோயிற்று.

இதையெல்லாம்விடப் பெரிய மரியாதை ஒன்று இருந்தது. பாஸ்கு என்கிற உயிர்ப்புத் திருநாளுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை, பங்குச் சாமியார் மந்திரிக்கிற தீர்த்தத்துக்கான தண்ணீர் இந்தக் கிணற்றிலிருந்துதான் போகும். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் கோயில் காரியம் பார்க்கிற உபதேசியார் முன்னே நடக்க, தெருப் பெண்கள் குடத்தோடு வந்து நிற்பார்கள். முதல் குடத்தை வீட்டுக்காரிதான் சேந்தவேண்டும். கோயில் வாசலில் பெரிய அண்டா இருக்கும். அதில் முதலில் ஊற்றுவதும் அவள்தான். அன்று ராத்திரிப் பூசையில் மந்திரித்த தண்ணீரை ஜனங்கள் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போவார்கள். வீட்டில் தெளிப்பார்கள், குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் ஒரு மடக்கு குடிக்கக் கொடுப்பார்கள். அந்த ஒரு சாயங்காலம் செலின் மேரிக்குத் தலைகால் புரியாது. கல்யாணப் புடவையைக் கட்டிக்கொண்டுதான் குடத்தைத் தூக்குவாள்.

எல்லாம் இருந்தது, ஒதுங்க ஓர் இடம் இல்லை. இதைச் சொல்லாமல் அவள் கதையைச் சொல்ல முடியாது. பெண்கள் கருக்கலோடு எழுந்து பனந்தோப்புக்குப் பின்னால் போகவேண்டும். தவறினால் மறுபடி இருட்டும்வரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருக்கவேண்டும். மழைக்காலத்தில் சேறு, பாம்பு. கரும்பு வெட்டி வயல் வெளிச்சமானால் மறைவுக்கு ஒரு தட்டைகூடக் கிடையாது. மகள் கிரேஸ் மேரி வயதுக்கு வந்த வருஷம் செலின் மேரி புருஷனிடம் சொல்லிவிட்டாள்.

"இனிமே எம் பொண்ணு தோப்புக்குப் போவ மாட்டா. நீங்க இன்னா செய்வீங்களோ எனக்குத் தெரியாது."

மரியசுந்தரத்துக்குப் புதுச்சேரியில் மில் வேலை. டவுனில் கக்கூஸ் பார்த்த மனுஷன். எழுபதுகளின் தொடக்கம் அது, தெருவில் யாருக்கும் அப்படி ஒன்று கிடையாது. உடனே பச்சையப்பன் என்ற கொத்தனாரைக் கூட்டிவந்து கொல்லையில் நிறுத்தினான். எங்கே கட்டுவது என்று அவர் கேட்டார். கொல்லை நீளமானது. கோடியில் முருங்கை மரத்தண்டை வெறுமனே கிடந்த இடம் இருந்தது. செலின் மேரி அங்கே திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கிணற்றை ஒட்டி இந்தப் பக்கம் கையை நீட்டினாள்.

"இங்கியே கட்டுங்க. ஒவ்வொரு வாட்டியும் தண்ணிய அவ்ளோ தூரம் யாரு தூக்கினு போறது? சேந்தி அப்படியே ஊத்திடலாம்."

"அதுவும் சரிதான்," என்றார் பச்சையப்பன். அவர் தம் பங்குக்கு ஒரு யோசனை சொன்னார். குழியைச் சுற்றிச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டு, அடியை மட்டும் பூசாமல் மண்ணாகவே விட்டால் குழி நிரம்பவே நிரம்பாதாம். ஆளைக் கூப்பிட்டு அள்ளுகிற வேலையே இருக்காதாம். டவுனில் பெரிய வீடுகளில்கூட இப்படித்தானாம்.

"அப்ப அதெல்லாம் எங்க போவும்?" என்று மரியசுந்தரம் கேட்டான்.

"பூமி இஸ்துக்கும்பா. அதுக்கின்னா, அம்மாம் பெரிய பூமி."

மூவரும் அதோடு திருப்தியடைந்தார்கள். பூமி இழுத்துக்கொள்ளும், சரி. பக்கத்திலேயே இன்னொரு குழி வெட்டி அதிலிருந்து நாம் தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறோமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கொஞ்சம் நின்று யோசித்திருந்தால் சின்னப் பிள்ளைக்கும் தோன்றியிருக்கும். நின்று யோசிக்க யாருக்கு நேரம்? வெள்ளைப் பேசின் வேறு வந்து இறங்கிவிட்டது.

கக்கூஸ் வந்தபின் செலின் மேரிக்கு நடையே மாறிப்போயிற்று. வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். கூடவே தகரக் கதவுக்கு ஒரு பூட்டும் போட்டாள். பக்கத்து வீட்டு இன்பமேரி நிறைமாதமாக இருந்தபோது ஒருநாள் சாவி கேட்டாள். செலின் மேரி கொடுத்தாள். ஆனால் கொடுத்த விதத்தில் இன்பமேரி அப்புறம் கேட்கவேயில்லை. கல் சுமந்து பிழைக்கிற வீடு அது, அப்புறமும் தோப்புக்குத்தான் போய்க்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? இவளைப் பார்த்து அடுத்த வீடு, அதைப் பார்த்து எதிர் வீடு என்று பச்சையப்பனுக்குத் தெருவில் வேலை ஓயவில்லை. எல்லா வீட்டிலும் அதே கிணற்றடி, அதே பூசாத குழி. செலின் வீட்டு மாதிரி, என்று சொல்லிச் சொல்லிக் கட்டிக்கொண்டார்கள். அதைக் கேட்கும்போது அவளுக்குப் பெருமையாக இருந்தது.

குழி உண்மையாகவே நிரம்பவில்லை. வருஷங்கள் போயின. கிரேஸ் மேரி வளர்ந்து முதலியார்பேட்டையில் வாக்கப்பட்டுப் போனாள். எண்பத்திரண்டாம் வருஷத்து மழைக்குப் பிறகு தெருவில் மஞ்சள் காமாலை வந்தது. ஒரு வீடு பாக்கியில்லை. கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து குடித்தார்கள், பலர் தேறினார்கள். இன்பமேரியின் மூத்த மகன் இக்னேஷியஸ் மட்டும் தேறவில்லை. போலீசுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஓடிப் பழகிக்கொண்டிருந்த பையன், கயிற்றுக் கட்டிலில் சுருண்டு கிடந்தான். தேர்வுக்குக் கூப்பிட்ட நாளில் எழுந்து உட்காரக்கூட முடியவில்லை. மாசி போய்ப் பங்குனி வந்தும் கண்ணில் மஞ்சள் இறங்கவில்லை. ஒன்று விட்டால் ஒன்று என்று காய்ச்சல் வந்துகொண்டேயிருந்தது.

செலின் மேரி அவனுக்குக் கஞ்சி கொடுத்தனுப்பினாள், செபமாலை சொன்னாள். அவன் அம்மா தினமும் தன் கொல்லையில் வந்து குடம் நிறைத்துக்கொண்டு போவதைப் பார்த்து இரக்கப்பட்டாள். வேறு எதுவும் அவள் மனதில் வரவில்லை.

அந்த வருஷம் திருநாளுக்குச் சம்பந்தி வீட்டார் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். டவுன்காரர்கள், மூக்கைப் பொத்தினால் மகளுக்குத்தான் தலைகுனிவு. குருத்து ஞாயிறு கழிந்த மறுநாள் வில்லியனூர் போய், அப்துல் சமது கடையில் பெரிய டின் பினாயில் வாங்கிவந்தாள். அதைப் பேசினில் முழுக்கக் கவிழ்த்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினாள். கொல்லையே ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. அவளுக்கு ரொம்ப சந்தோஷம்.

பெரிய வெள்ளிக்கிழமை. காலையில் உபவாசம், வெறும் தண்ணீர் மட்டும்தான். குளித்துவிட்டு வந்து ஒரு டம்ளர் தண்ணீரை வாயில் வைத்தாள். பினாயில் வாசம் அடித்தது. டம்ளரைத்தான் சரியாகக் கழுவவில்லை என்று நினைத்து வேறு டம்ளர் எடுத்தாள். அதிலும் அடித்தது. பானையைக் கொட்டிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்ப் புதிதாகச் சேந்தி, உள்ளங்கையில் ஏந்தி முகர்ந்து பார்த்தாள்.

வாளியைக் கீழே வைத்தாள். வலது பக்கம் கிணறு. இடது பக்கம், எட்டிக் கால் வைத்தால் தொடுகிற தூரத்தில், குழியின் மூடி. கோடைத் தண்ணீர் அடியில் கிடக்க, தெருவே சேந்தச் சேந்த, கிணறு நாலாபுறமிருந்தும் இழுத்துக்கொண்டிருந்தது. பினாயில் வருகிற வழியில் பினாயில் மட்டுமா வந்திருக்கும்? இத்தனை வருஷமாக? வாந்தியெடுக்கப் போனால் அதற்கும் அந்தக் கக்கூஸ் பக்கம்தான் போகவேண்டும். துவைகல்லைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அந்த நேரம் பார்த்து இன்பமேரி குடத்தோடு வந்தாள். சேந்திய தண்ணீரை முகர்ந்தாள்.

"யக்கா, இன்னா தண்ணில மருந்து வாசம் அடிக்குது? கொம்யூன் பஞ்சாயத்துக்காரங்க வந்து கெணத்துக்கு மருந்து போட்டாங்களா?"

சொல்லியிருக்கலாம். கொல்லையில் வேறு யாரும் இல்லை, இரண்டு பேர் மட்டும்தான். செலின் மேரியின் வாய் திறந்தது.

"ஆமா. போட்டாங்க," என்றாள்.

"நல்லதாப் போச்சி. பூச்சியெல்லாம் செத்துடும். இக்னேசுக்கு இனிமே நல்ல தண்ணியாவது கெடைக்கும். நாளைக்குத் தீர்த்தமும் இந்தத் தண்ணிதான? இந்தப் பாஸ்குத் தீர்த்தத்தக் குடிச்சா புள்ள எழுந்துடுவான்னு என் மனசுல பட்டுக்கினே இருக்குதுக்கா."

குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் போய்விட்டாள். செலின் மேரிக்குத் தன் முகத்தைத் தானே பார்க்கக் கூசியது. அன்று முழுக்கக் கண்ணாடிப் பக்கம் போகவில்லை.

மரியசுந்தரத்திடம் சொன்னாள். அவன் கிணற்றையும் குழியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"கம்முனு கெட," என்றான். "திருநா முடியட்டும். குழிய மூடிடலாம், கெணத்த எறைச்சிடலாம். இப்ப சொன்னா தெருவே காறித் துப்பும். சம்பந்தி வர்ற நேரம்."

"நாளைக்கு மந்திரிச்சிக் குடிப்பாங்களேங்க. அந்தப் புள்ள குடிக்குமே."

"இத்தினி நாளா குடிக்கலியா?"

கேட்ட அவனுக்கே அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

சனிக்கிழமை காலை கோயிலில் பாவசங்கீர்த்தனம். செலின் மேரி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றாள். செய்த பாவத்தைச் சாமியார் காதில் சொல்லிவிடலாம். அவர் யாரிடமும் சொல்லமாட்டார், மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வார், முடிந்தது. எவ்வளவு சவுகரியம். அந்தச் சவுகரியம் என்ற வார்த்தை மனதில் வந்ததும் அவளுக்கு உடம்பு கூசியது. சாமியார் காதில் சொன்னால் சாயங்காலம் குடம் வராமல் நின்றுவிடுமா? தன் முறை வருவதற்குள் வரிசையை விட்டு விலகி வீட்டுக்கு வந்தாள்.

சாயங்காலம் உபதேசியார் அந்தோணிசாமி முன்னே வர, பெண்கள் தட்டிக் கதவு வழியாக உள்ளே வந்தார்கள். தலை நிறையப் பூ, துலக்கிய குடங்கள். செலின் மேரி கல்யாணப் புடவை கட்டவில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை.

"உபதேசியாரே, இந்த வருஷம் இங்க வேணாம்," என்றாள். "கெணத்துல எலி வுழுந்து கெடக்குது."

பொய்தான். இருந்தாலும் நல்லதுக்குச் சொல்லும் பொய் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். அதுவும் தன் பேரைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னதுதான்.

"எலிதான? எடுத்துட்டாப் போச்சி," என்றார் அந்தோணிசாமி. கூட வந்த வாலிபன் ஒருவனுக்குக் கண் காட்டினார். அவன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு படிக்கல்லில் கால் வைத்து இறங்கினான். உள்ளேயிருந்து குரல் வந்தது.

"எலியும் இல்ல, ஒன்னும் இல்ல. தண்ணி கண்ணாடி மாதிரி கீது."

பெண்கள் சிரித்தார்கள். "உபவாசத்துல செலினம்மாவுக்குக் கண்ணு இருட்டுது," என்றாள் ஒருத்தி. அந்தச் சிரிப்பில் கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டார்கள். அவள் கை பாட்டுக்குச் சேந்தியது. குடம் நிறைந்தது. பின்னால் இன்பமேரி தன் குடத்தை நிறைத்துக்கொண்டு, மகனுக்கென்று ஒரு பாட்டிலையும் முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தாள். நேற்று மருந்து போட்ட தண்ணீர் என்று வழியெல்லாம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

கோயில் வாசலில் அண்டாவுக்கு மாலை போட்டிருந்தது. எல்லோரும் ஒதுங்கி வழி விட்டார்கள். செலின் மேரி குடத்தை அண்டாவின் விளிம்புவரை தூக்கினாள். இன்பமேரி கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தாள். அந்தக் கும்பிடுதான் அவளால் தாங்க முடியவில்லை. குடத்தை இந்தப் பக்கம் சாய்த்து அத்தனையும் மண்ணில் ஊற்றிவிட்டாள்.

"இன்னா செலினம்மா?" என்று உபதேசியார் பதறினார்.

"இது கக்கூஸ் தண்ணி," என்றாள்.

ஒருவருக்கும் புரியவில்லை. அவள் சொல்லத் தொடங்கினாள். பினாயிலைச் சொன்னாள். பூசாத குழியைச் சொன்னாள். மருந்து போட்டதாகச் சொன்னது பொய், எலி பொய் என்று சொன்னாள். தண்ணீர் தூக்கச் சோம்பல்பட்டு அந்த இடத்தைக் காட்டியதே நான்தான் என்றாள். காறித் துப்புவார்கள் என்று புருஷன் சொன்னானே, அதற்குத் தயாராக முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

யாரும் துப்பவில்லை. ஒரு பெண் எதிரே நின்றவளைப் பார்த்தாள், அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எதிர் வீட்டுக்காரி குடத்தின் வாயைக் கையால் மூடிக்கொண்டாள். அவரவர் வீட்டுக் கொல்லை அவரவர் கண்ணுக்குள் வந்து நின்றது. அதே கொத்தனார், அதே குழி, அதே கிணற்றடி. திட்ட வாய் திறந்தால் அந்த வாய் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

குழியில்லாதவள் இன்பமேரி ஒருத்திதான். அவள்தான் கேட்டாள்.

"அப்ப என் புள்ள?"

செலின் மேரி காலிக் குடத்தைக் கீழே வைத்தாள்.

"கக்கூஸுக்குப் பூட்டு போட்டியேக்கா," என்றாள் இன்பமேரி. அழவில்லை, சத்தம் போடவில்லை. "கெணத்துக்கு ஒன்னு போட்டிருக்கக் கூடாதா?"

பெண்கள் ஒவ்வொருவராகக் குடத்தைக் கவிழ்த்தார்கள். வாசலெல்லாம் சேறாயிற்று. உபதேசியார் காலி அண்டாவைப் பார்த்தார், மேற்கே இறங்கிக்கொண்டிருந்த வெயிலைப் பார்த்தார். பூசைக்குத் தண்ணீர் வேண்டுமே.

"சரி. ஆனது ஆச்சி," என்றார். "வேற யார் வூட்டுக் கெணத்துல சேந்தலாம், சொல்லுங்க."

வேறொரு வருஷம் இப்படிக் கேட்டிருந்தால் எங்க வூட்டுல, எங்க வூட்டுல என்று அடித்துக்கொண்டிருப்பார்கள். இன்று ஒரு வாயும் திறக்கவில்லை. அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி முகம்வரை போய்விட்டு, வேறெதுவும் கேட்காமல், வயல்பக்கம் திரும்பி நடந்தார். பெண்கள் பின்னால் போனார்கள்.

ஊருக்கு வெளியே கரும்புத் தோட்டத்தில் பலராமனுடைய மோட்டார் கொட்டகை இருந்தது. வரப்பில் வரிசையாகப் பெண்கள், கடைசியில், கொஞ்சம் இடைவெளி விட்டு, செலின் மேரி. அவளை யாரும் போ என்று சொல்லவில்லை, வா என்றும் சொல்லவில்லை. யாராவது ஒருத்தி திரும்பி நின்று வாய்க்கு வந்தபடி திட்டியிருந்தால் பட்டுக்கொண்டு நிம்மதியாக நடந்திருப்பாள். அந்த நிம்மதியை அவளுக்கு யாரும் கொடுக்கவில்லை.

பூவும் குடமுமாக இத்தனை பேர் வருவதைப் பார்த்துப் பலராமன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வெளியே வந்தார். உபதேசியார் தண்ணீர் கேட்டதும் மறுபேச்சில்லாமல் மோட்டாரைப் போட்டார். குழாயில் தண்ணீர் கொட்டியது. மனுஷன் வெள்ளந்தியாகச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

"இன்னா உபதேசியாரே, உங்க தெருவுல இல்லாத தண்ணியா எங்கிட்ட இருக்குது?"

அந்தோணிசாமி குழாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் யாரும் நிமிரவில்லை. செலின் மேரிக்குத் தான்தான் சொல்லவேண்டும் என்று தெரிந்தது. ஓரடி முன்னே வந்தாள். அதற்குள் இன்பமேரி தன் குடத்தைக் குழாயடியில் நிமிர்த்திப் பிடித்தபடி, அவள் பக்கம் திரும்பாமலே பதில் சொன்னாள்.

"இருந்திச்சிண்ணே."